இன்னும் ஒரு ஆள் வரணும்

பொன்னேரியிலிருந்து ஏழு இருபதுக்குப் புறப்பட வேண்டிய எங்கள் கம்பெனி பஸ், நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு நாளும் ஏழு இருபதுக்குப் புறப்பட்டதில்லை. இன்ஜினில் கோளாறு இல்லை, டயரில் கோளாறு இல்லை, ரயில்வே கேட்டையும் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் காரணம் அதை ஓட்டியவர்தான்.

சீட்டில் ஏறி உட்காருவார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். உள்ளே இருக்கும் கண்ணாடியில் எங்களை ஒவ்வொருவராக எண்ணுவார். உதடு மட்டும் அசையும். எண்ணி முடித்ததும் திரும்பிப் பார்க்காமலே ஒரு கேள்வி வரும்.

"இன்னும் யாருனா வரணுமா?"

இல்லண்ணே, போலாம் என்று நாலைந்து பேர் சேர்ந்து பொய் சொல்வோம். அவர் நம்பமாட்டார். பக்கக் கண்ணாடியில் ரோட்டைப் பார்ப்பார். தூரத்தில் ஒரு புடவை அசைந்தால் போதும், ஒரு சைக்கிள் தெரிந்தால் போதும், ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை அணைத்துவிடுவார். அந்த நேரத்தில் அவரைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போகலாமா என்று எனக்குத் தோன்றும். எனக்கு சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

நான் காத்திருக்கத் தெரியாதவன். ஓட்டலில் சொன்ன தோசை வர ஐந்து நிமிஷமானால் எழுந்து வெளியே போய்விடுகிற ரகம். அப்படிப்பட்டவனை ஆண்டவன் கொண்டுபோய் அவருடைய பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தான்.

அவருக்குச் சொந்த ஊர் எளாவூர்ப் பக்கம். வீட்டில் தெலுங்கு. ஆம்பளை எல்லாரும் அவருக்கு நைனா, பொம்பளை எல்லாரும் அம்மா. எங்களுக்கு அவர் டிரைவர்ண்ணே. அவருடைய பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. என் போனில் அவர் நம்பரை 'பஸ்' என்றுதான் வைத்திருந்தேன்.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு விஷயம் தெரியாது. கம்பெனி பஸ்ஸே தாமதமாக வந்தால் அதில் வந்தவர்களுக்கு அரைமணி நேரச் சம்பளம் பிடிக்க மாட்டார்கள், டிரைவருக்குத்தான் மெமோ கொடுப்பார்கள். இதை ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு வருஷமும் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். அவர் வாங்கிய மெமோக்களை எல்லாம் மடித்து டேஷ்போர்டு இடுக்கில் செருகி வைத்திருப்பார். காலையில் பனி பிடித்த பக்கக் கண்ணாடியை அதில் ஒன்றை எடுத்துத்தான் துடைப்பார். நல்ல காயிதம் நைனா, கண்ணாடி பளிச்சுனு ஆவுது என்பார்.

பஸ் பெரும்பாலும் தாமதமானது எஸ்தர் அக்காவால்தான். பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்ப்பவர். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. எங்கள் அடுத்த ஸ்டாப்பான தச்சூர் கூட்டுரோட்டுக்கு, உள்ளே இருக்கும் காலனியிலிருந்து நடந்து வர வேண்டும். காலைக் கையால் பிடித்துத் தள்ளித் தள்ளி அவர் வருவது கண்ணாடியில் முதலில் ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி எஸ்தர் அக்காவாக ஆவதற்குள் நான் ஐந்து தடவை கடிகாரத்தைப் பார்த்துவிடுவேன். அவர் ஏறியதும் டிரைவர்ண்ணே, "வந்தாச்சாமா? உக்காந்துக்கினு சொல்லு" என்பார். உட்கார்ந்துட்டேண்ணே என்று குரல் வந்த பிறகுதான் கியர் விழும்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் இறங்கும்போது கேட்டே விட்டேன். எதுக்குண்ணே இப்படி, எப்பவாவது யாரையாவது விட்டுட்டுப் போயி ஏதாவது ஆயிடுச்சா? அப்படி ஒரு பெரிய கதை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் காதைச் சொறிந்துகொண்டு உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல நைனா. ஓடி வர்றவன் எப்டியும் வந்துருவான். ஓட முடியாதவங்களுக்குத்தான வண்டி?"

இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி தேவகி, அந்த அண்ணன் சரியாத்தான் சொல்லியிருக்காரு என்றாள்.

தேவகியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்யாணமாகி நாலாவது வருஷம் அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. அவளுடைய அக்கா ஒன்றைக் கொடுத்தாள். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருப்பதற்குத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கி வைக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சளி என்றாலே எங்கள் வீட்டு ஜன்னல் சாத்தப்படும். அவள் பயந்து நடுங்குகிறவள் இல்லை, ஆனால் கவனமாக இருப்பாள். பயப்படுகிற வேலையை வீட்டில் நான் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கொரோனா வந்தது.

எங்கள் கம்பெனி மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி. தொழிற்பேட்டையில் மற்றதெல்லாம் பூட்டிக் கிடந்தபோதும் எங்களுக்குப் பாதி ஆட்களோடு வேலை நடந்தது. பஸ்ஸில் ஒரு சீட் விட்டு ஒரு சீட் உட்கார வேண்டும் என்று பெருக்கல் குறி ஒட்டினார்கள். நான் தினமும் அந்த பஸ்ஸில் போய், அந்த பஸ்ஸிலேயே திரும்பி, தேவகி இருக்கும் இரண்டு அறை வீட்டுக்குள் நுழைய வேண்டும். பஸ்ஸில் யாராவது ஒருவருக்கு இருந்தால், அதை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நானாகத்தான் இருப்பேன். வேறு யாரும் அவளைப் பார்க்க வருவதில்லை. இந்த நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த நாட்களில்தான் அவர் ஒரு தடவை கோபப்பட்டு நான் பார்த்தேன். எளாவூர் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த குடோனில் சரக்கு இறக்க எங்களில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனார். ஹைவே ஓரத்தில் வடமாநிலத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக ஆந்திரா பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். தோளில் பை, தலையில் பக்கெட், ஒருத்தன் தோள்மேல் ஒரு குழந்தை. அவர்களில் சிலர் எங்கள் தொழிற்பேட்டை ஆட்கள்தான். எங்கள் பஸ்ஸில் நாற்பது சீட் காலி. வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்று ஊரடங்கு பாஸில் எழுதியிருந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் இருந்த இரண்டு தண்ணீர்க் கேனையும் எங்களுக்கென்று வாங்கி வைத்திருந்த பன்னையும் இறக்கிக் கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை.

"ஊட்லயே இருன்னு சொல்றது சரிதான் நைனா. ஊடு இல்லாதவனை யாரும் எண்ணிப் பாக்கலியே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். சட்டத்தைத் திட்டினார் என்று இதைச் சொல்லவில்லை. சட்டம் என்றால் அவருக்குப் பிடிக்கும். ஆனால் எந்தச் சட்டத்தையும் தன் பஸ்ஸை எண்ணுகிற மாதிரியே எண்ணிப் பார்ப்பார். கடைசி ஆளும் அதில் ஏறியாச்சா என்று பார்ப்பார்.

பொன்னேரி ஸ்டாப்பில் நாங்கள் இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்று கம்பெனி சுண்ணாம்பில் வட்டம் போட்டுக் கொடுத்தது. நாங்களும் சொன்னபடி கேட்டோம். அதாவது, ஒவ்வொரு வட்டத்திலும் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு, எதிரே இருந்த டீக்கடை நிழலில் இருபது பேரும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் இடித்துக்கொண்டு டீ குடித்தோம். ரேஷன் கடையில் கல்லையும் செருப்பையும் வரிசையில் வைத்துப் பழகின கைகள். யாருக்கும் அதில் தப்பே தெரியவில்லை.

அவர் வந்து பஸ்ஸை நிறுத்தினார். வட்டங்களைப் பார்த்தார். டீக்கடையைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போய் ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் உட்கார வைத்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நாங்கள் டீ கிளாஸோடு ஓடினோம். நூறு அடி தள்ளி நிறுத்தி ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ரூல்ஸ்படி நின்னது பைங்கதான் நைனா. அதான் அதுங்கள ஏத்திக்கினேன். நீங்களும் ரூல்ஸ்படி வந்தா ஏறிக்கலாம்."

வட்டத்தில் போய் நின்றோம். அவர் பஸ்ஸைப் பின்னால் கொண்டுவந்து ஒவ்வொருவராக ஏற்றினார். அன்று எட்டு மணி ஷிஃப்டுக்கு எட்டு இருபதுக்குத்தான் கேட்டுக்குள் போனோம். அவருக்கு இன்னொரு மெமோ கிடைத்தது. மறுநாளிலிருந்து வட்டத்தில் நின்றது நாங்கள்தான், ஆனாலும் பழக்க தோஷத்தில் பையையும் காலடியில் வைத்துக்கொண்டோம்.

மாஸ்க் விஷயத்தில் அந்த பஸ்ஸில் அவருக்கு அடுத்தபடி கறாராக இருந்தவன் நான்தான். யாருடைய மாஸ்க்காவது மூக்குக்குக் கீழே இறங்கினால் இரண்டு சீட் தள்ளியிருந்து சத்தம் போடுவேன். எனக்கு போலீஸ்காரர் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் தேவகி இருக்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்தப் போலீஸ்காரன் செய்ததைக் கேளுங்கள்.

தடுப்பூசி வந்தது. தேவகிக்கு டாக்டர் சொல்லிப் போட்டாயிற்று. ஆனால் அவள் சாப்பிடும் மாத்திரையால் ஊசி அவளுக்கு முழுதாக வேலை செய்யாமல் போகலாம் என்றும், பக்கத்தில் இருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவளுக்கு நல்ல காவல் என்றும் டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். கம்பெனி கேண்டீனில் முகாம் வைத்தார்கள். என் முறை வருவதற்கு நாலு பேர் இருக்கும்போது நான் பாத்ரூமுக்குப் போனேன். அங்கேயே இருந்தேன். மருந்து தீர்ந்து பெட்டியை மூடிய பிறகு வெளியே வந்தேன்.

எனக்கு ஊசி என்றால் பயம். இதை எழுதும்போதுகூட இடது கை கூசுகிறது. போதாததற்கு, ஊசி போட்ட மறுநாள் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டு வைத்திருந்தேன். உருகிய பிளாஸ்டிக்கைக் கொட்டுகிற மிஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவன், ஒரு விரல் நீள ஊசிக்கு ஒளிந்தேன். கம்பெனியில் கேட்டபோது, திருவாலங்காட்டில் அப்பா வீட்டுக்குப் போனபோது அங்கேயே போட்டுக்கொண்டேன் என்றேன். தேவகியிடம் கேண்டீனில் போட்டுக்கொண்டேன் என்றேன். அவள் சரி என்றாள். அன்று சாயங்காலம் தண்ணீர்க் கேனை இடது தோளில் தூக்கிக்கொண்டு வந்து சமையலறையில் வைத்தேன். பொய் சொன்னவன் அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது.

ஊசி போடாதவர்கள் கம்பெனிக்குள் வரக் கூடாது என்று உத்தரவு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் பஸ்ஸில் பெரிய சண்டை. குவாலிட்டி செக்‌ஷன் பிரபு பிடிவாதமாக நின்றான். படித்தவன், கோர்வையாகப் பேசுவான். இது என்ன நியாயம், என் உடம்பு, என் இஷ்டம், சட்டம் போட்டு எப்படி ஊசி குத்தலாம் என்றான். பாதிப் பேர் அவன் பக்கம் சாய்ந்தார்கள். நான்தான் எழுந்து நின்று சட்டம் வேண்டும், ஊசி போடாதவனைப் பஸ்ஸிலேயே ஏற்றக் கூடாது என்று கத்தினேன். கத்தும்போது என் இடது கை தானாகவே பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

டிரைவர்ண்ணே கண்ணாடியில் பிரபுவைப் பார்த்தார்.

"என் கண்ணு என்னுதுதான நைனா? மூடிக்கினு ஓட்டட்டா?"

பஸ் சிரித்தது. பிரபு சிரிக்கவில்லை. அது வேற, இது வேற என்றான். அப்போதுதான் எஸ்தர் அக்கா பேசினார். பஸ்ஸில் அதிகம் பேசாதவர்.

"நான் குழந்தையா இருக்கசொல்ல ஊருக்குள்ள சொட்டு மருந்து குடுக்க வந்தாங்களாம். எங்கம்மா பயந்துபோயி என்னைத் தூக்கிக்கினு வயலாண்ட ஓடிட்டாங்க. அவங்க மேல நான் கோவப்பட்டதில்ல. அன்னிக்கு யாருனா அவங்களைக் கையைப் புடிச்சி நிறுத்தியிருந்தா, நீங்கல்லாம் டெய்லி கரெக்ட் டைமுக்குப் போய்ச் சேந்திருப்பீங்க."

பிரபு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் உட்கார்ந்துவிட்டேன். எஸ்தர் அக்காவின் அம்மா படிக்காதவர், பயந்து ஓடினார். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரிந்தே ஓடினேன்.

அந்த வாரத்தின் கடைசியில் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். முதல் ஊசி போடாதவர்களும் இரண்டாவது ஊசி பாக்கி இருப்பவர்களும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வர வேண்டும் என்று கம்பெனி சொன்னது. என் கணக்குப்படி நான் இரண்டாவது ஊசிக்காரன். போகாமல் இருக்க வழியில்லை. போனால் முதல் ஊசியே போடவில்லை என்று அங்கே இருக்கும் நர்ஸுக்குத் தெரிந்துவிடும். தேவகி மஞ்சள் தாம்பூலப் பையில் இட்லி டப்பாவையும் ஆதார் நகலையும் வைத்து, கூடவே காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டையும் வைத்தாள். அவள் தம்பி கல்யாணத்தில் கொடுத்த பை அது, மாப்பிள்ளை பெண் பெயர் பெரிதாக அச்சடித்திருக்கும். வயித்தைக் காலியா வெச்சிக்கினு ஊசி போடாதீங்க என்று மட்டும் சொன்னாள்.

பள்ளிக்கூட வாசலிலிருந்து வகுப்பறை வரைக்கும் வட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் நின்றார்கள். பிரபுவும் வந்திருந்தான், யாருடனும் பேசாமல் மூன்றாவது வட்டத்தில் நின்றான். நான் கடைசி வட்டத்தில் பையை வைத்தேன். சுற்றிலும் பார்த்தேன். மெல்ல நழுவி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போய் வேலித் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எல்லாரும் முடித்துவிட்டு வந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிடலாம் என்பது திட்டம்.

தட்டி ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறினார்கள். வரிசை நகர நகர என் பை மட்டும் பின்னால் தனியாகக் கிடந்தது. டிரைவர்ண்ணே பஸ்ஸில் எண்ணினார். இறங்கினார். நேராகப் பையிடம் போனார். சுற்றிலும் பார்ப்பார், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் கூப்பிடவில்லை. பையை எடுத்துக்கொண்டு அந்த வட்டத்திலேயே நின்றுவிட்டார்.

முன்னால் வட்டம் காலியானது. அவர் நகர்ந்து அதில் நின்றார். பின்னால் ஊர்க்காரர்கள் வந்தார்கள். நீங்க போங்க, நீங்க போங்க என்று கையைக் காட்டி ஒவ்வொருவராக முன்னால் விட்டார். அவர் ஏற்கெனவே இரண்டு ஊசியும் போட்டவர். வெயில் ஏறியது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு ஹாரன் இல்லை, ஒருவர்கூட போலாம் என்று சொல்லவில்லை. எப்போதும் முதலில் சொல்கிற ஆள் டீக்கடையில் அல்லவா இருந்தான்.

கடைசியில் அவர் மட்டும்தான் நின்றார். முன்னாலும் பின்னாலும் வெறும் வட்டங்கள். நர்ஸம்மா வாசலுக்கு வந்து, பெட்டியைக் கட்டப் போறோம், யாராச்சும் இருக்காங்களா என்று கேட்டார். அவருடைய பதில் ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"இன்னும் ஒரு ஆள் வரணும்மா. பை இருக்குது, ஆளு வந்துருவாரு."

பையை இரண்டு கையாலும் அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே இட்லி இருப்பது அவருக்குத் தெரியாது. சாய்ந்துவிடக் கூடாது என்று அப்படிப் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊசிப் பயம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. டீக்காசை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டினேன்.

அவர் என்னைப் பார்த்ததும் பையை நீட்டினார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நர்ஸம்மா என் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, முதல் டோஸே போட்டதாகக் காட்டவில்லையே என்று நிமிர்ந்தார். டிரைவர்ண்ணே சுவரில் ஒட்டியிருந்த உயிரெழுத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்போ இன்னிக்குத்தான் மொதல்னு எழுதிக்கமா" என்றார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். போட்டாச்சு, கண்ணைத் திறங்க சார் என்று நர்ஸம்மா இரண்டு தடவை சொன்ன பிறகுதான் திறந்தேன்.

பஸ்ஸில் ஏறினேன். எஸ்தர் அக்கா ஜன்னலோரம் நகர்ந்து இடம் கொடுத்தார். டிரைவர்ண்ணே கண்ணாடியைப் பார்த்து எண்ணினார். அன்று மட்டும் யாரையும் எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சல். இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை என்று வீட்டையே இரண்டாக்கினேன். இரண்டாவது ஊசிக்கு இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று தேவகியிடம் சொன்னேன். அப்படித்தான் போல என்று அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். மிஷினுக்குப் பொட்டு வைத்து, பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, பொரிகடலை கொடுப்பார்கள். தேவகி ஒன்றரை வருஷமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. டாக்டரைக் கேட்டோம். மாஸ்க் போட்டுக்கொண்டு காற்றோட்டமாக உட்கார்ந்து போய்வரலாம் என்றார். மாஸ்க் போடாவிட்டால் அபராதம் என்பதெல்லாம் அப்போது பேச்சளவில்தான் இருந்தது, பஸ்ஸில் பாதிப் பேர் கழற்றிப் பையில் போட்டிருந்தார்கள். நான் முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. போலீஸ் வேலை பார்க்க எனக்கு இனி யோக்கியதை இல்லை.

அன்று காலை தேவகி படியில் கால் வைத்தபோது பஸ்ஸில் இருந்த எல்லார் முகத்திலும் மாஸ்க் இருந்தது. குழந்தைகள் முகத்தில்கூட. எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. காற்று வரும் முன்சீட்டைப் பிரபு தன் கர்ச்சீப்பைப் போட்டுப் பிடித்து வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, இங்க உக்காருங்கக்கா என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டான். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எனக்குத் தெரியாது. தேவகி சீட்டில் உட்கார்ந்து வெளியே வயலைப் பார்த்தாள். நாற்று நட்டிருந்தார்கள். மாஸ்க்குக்கு மேலே அவள் கண் சிரித்துக்கொண்டே இருந்தது. கவரைப்பேட்டை வரைக்கும் நான் அந்தக் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

அடுத்த வருஷம் கம்பெனி பஸ்ஸை கான்ட்ராக்டுக்கு விட்டுவிட்டார்கள். அவர் கணக்கை முடித்துக்கொண்டு எளாவூருக்கே போய்விட்டார். புது டிரைவர் நல்ல பையன், சரியாக ஏழு இருபதுக்கு எடுத்துவிடுவான், ஸ்டாப்பில் அரை நிமிஷம்கூட நிற்கமாட்டான். அதனால் தச்சூர் கூட்டுரோடு வந்ததும் எங்களில் ஒருவர் இறங்கி ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு நிற்பார். எஸ்தர் அக்கா வந்து ஏறும்வரை அந்தக் காலை எடுப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் என் முறை. பையன் பேஜாரா கீதுண்ணே உங்களோட என்று அலுத்துக்கொள்வான். அலுத்துக்கொண்டே இப்போது இன்ஜினை அணைக்கப் பழகிவிட்டான்.

போன பொங்கலன்று மாலை தேவகியின் போன் அடித்தது. அவள் கையில் மாவு, எடுத்துப் பேசச் சொன்னாள். திரையில் 'பஸ் அண்ணே' என்று இருந்தது. நான் திகைத்துப்போய் அப்படியே அவள் காதில் வைத்தேன். நல்லா இருக்கேண்ணே, மாத்திரை ஒழுங்கா போட்டுக்கறேன், கிட்னி டெஸ்ட்டுல கிரியாட்டின் எல்லாம் நல்லாத்தான் இருக்குதாம் என்று அவள் பேசினாள். ஏதோ பண்டிகைக்குப் பண்டிகை பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. வைத்ததும் கேட்டேன், எத்தனை நாளாக இது என்று.

பள்ளிக்கூடத்து முகாமுக்கு முதல் நாளிலிருந்து, நம்பரை உங்கள் போனிலிருந்துதான் எடுத்தேன் என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"முள்ளு குத்துனாலே மூணு நாளு முனகுற ஆளு நீங்க. கேண்டீன்ல ஊசி போட்டுக்கினேன்னு சொல்லிட்டு, அன்னிக்கு சாயந்திரமே அந்தக் கையால கேனைத் தூக்கியாந்து வெச்சீங்க. அப்பவே தெரிஞ்சிப்போச்சி."

என்னைக் கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பீர்கள் என்றாள். அது உண்மை. அவரிடம் என்னதான் சொன்னாய் என்று கேட்டேன்.

"இவரு ஊசி போட்டுக்கலண்ணே, நாளைக்கும் ஓடிருவாரு, எனக்கு பயமா கீதுன்னு சொன்னேன். நான் இன்னாமா சொல்லணும் அவராண்டன்னு கேட்டாரு. ஒண்ணும் சொல்லாதீங்க, உட்டுட்டு மட்டும் வந்துறாதீங்கன்னேன்."

வெயிலில் அந்த வெறும் வட்டங்களுக்கு நடுவே, இட்லிப் பையைச் சாயாமல் பிடித்துக்கொண்டு அவர் நின்றது கண்முன்னே வந்தது. இன்னும் ஒரு ஆள் வரணும்மா. அவர் சொன்ன அந்த ஆள் நான்தான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நன்றாக ஓடக் கூடியவன். அவர் அன்று பையோடு காத்துக்கொண்டிருந்தது தேவகிக்காக.